நீச்சல் கண்ணாடி ஏன் மங்குகிறது? முதலில் துண்டைக் கீழே வையுங்கள்

சிங்கப்பூரில் செங்காங் வட்டாரத்தில் இருக்கும் ஒரு தாய் கேட்டிருந்தார். எட்டு வயது மகன் ஸ்விம்சேஃபர் என்ற நீச்சல் வகுப்புக்குப் போகிறான். இரண்டு சுற்று நீந்துவதற்குள் கண்ணாடி மங்கிவிடுகிறது. "ஒண்ணும் தெரியலம்மா" என்று கரையோரம் வந்து நின்றுவிடுகிறான். இதுவரை மூன்று கண்ணாடி மாற்றியாயிற்று. அப்பா ஒவ்வொரு வகுப்புக்கும் முன்னால் துண்டால் உள்ளும் புறமும் நன்றாகத் துடைத்துத்தான் கொடுக்கிறார். பற்பசை தேய்த்தால் சரியாகும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அறுபது வெள்ளிக்கு ஒன்று பார்த்து வைத்திருக்கிறார், அதை வாங்கினால் பிரச்சினை தீருமா என்பது கடைசிக் கேள்வி.

முதலில் அப்பாவிடமிருந்து அந்தத் துண்டை வாங்கி வைத்துவிடுங்கள். அவர் அக்கறையோடு செய்கிற அந்த வேலையால்தான் கண்ணாடி கெடுகிறது. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். காரணம் பிடிபட்டால் எது உதவும், எது உதவாது என்று நீங்களே தீர்மானித்துக்கொள்ளலாம். இருபது ஆண்டுகளுக்கு மேலாக நீந்துகிறேன். அதில் பாதிக்காலம் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லியும் கொடுத்திருக்கிறேன். குளத்தில் நான் அதிகம் கேட்ட புகார் இதுதான்.

மூக்குக் கண்ணாடி போடுகிறவர்களுக்கு இது தினமும் நடக்கிறது. எம்ஆர்டி ரயில் நிலையத்தின் குளிரிலிருந்து வெளியே காலெடுத்து வைத்ததும் கண்ணாடி வெளுத்துப்போகும். வெளிக்காற்றில் இருக்கும் ஈரம், குளிர்ந்துபோன கண்ணாடியில் பட்டதும் நீராகிறது. ஒரு நிமிடம் நின்றால் கண்ணாடி சூடேறித் தானாகத் தெளிந்துவிடும். நீச்சல் கண்ணாடியில் நடப்பதும் இதேதான். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. குளத்துத் தண்ணீர் வெளியிலிருந்து அதைக் குளிர்வித்துக்கொண்டே இருக்கிறது. அதனால் அது சூடேறித் தெளிய வாய்ப்பே இல்லை.

கணக்கைப் பாருங்கள். கண்ணின் மேற்பரப்பும் அதைச் சுற்றியுள்ள தோலும் ஏறக்குறைய 34 டிகிரி செல்சியஸில் இருக்கும். நம் ஊர்த் திறந்தவெளிக் குளங்களில் தண்ணீர் 28 டிகிரியை ஒட்டி இருக்கும், நேரத்தையும் மழையையும் பொறுத்து ஒன்றிரண்டு டிகிரி கூடும் குறையும். 34 டிகிரிக் காற்று ஒரு கன மீட்டருக்குச் சுமார் 37 கிராம் நீராவியைத் தாங்கும். 28 டிகிரியில் தாங்குவது சுமார் 27 கிராம்தான். மிச்சமுள்ள 10 கிராம் எங்காவது இறங்கியாக வேண்டும். அங்கே இருப்பதிலேயே குளிர்ந்த இடம் லென்ஸின் உட்பக்கம், அதனால் அங்கே இறங்குகிறது.

"அவ்வளவு சின்ன இடத்தில் எவ்வளவு ஈரம் இருந்துவிடப் போகிறது?" என்று தோன்றலாம். நியாயமான கேள்விதான். ஒரு கண்ணுக்கு இரண்டு மூன்று தேக்கரண்டிக் காற்றுதான் அடைபட்டிருக்கும், அதில் இருக்கும் ஈரம் மிகக் கொஞ்சம். ஆனால் வரத்து நிற்பதில்லை. கண் எப்போதும் கண்ணீரால் நனைந்தே இருக்கிறது, தோலும் ஈரத்தை விட்டுக்கொண்டே இருக்கிறது. வேகமாக நீந்தினால் தண்ணீருக்குள்ளும் வேர்க்கும். முகம் சூடாகும்போது கண்ணாடிக்குள் ஈரம் இன்னும் கூடும். அதனால்தான் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒருமுறை துடைத்துப் போட்டாலும் அடுத்த சுற்றில் பழையபடி ஆகிவிடுகிறது.

இங்கே பலர் சொல்லும் ஒரு காரணத்தையும் பார்த்துவிடுவோம். "சிங்கப்பூரில் புழுக்கம் அதிகம், அதனால்தான் மங்குகிறது" என்பார்கள். அது சரியில்லை. நம் ஊர்க் காற்றில் இருக்கும் ஈரம், பெரும்பாலான நாட்களில் 24, 25 டிகிரி வரை குளிர்ந்தால்தான் நீராக மாறும். குளத்துத் தண்ணீர் அவ்வளவு குளிர்வதில்லை. அதாவது, நாம் புழுக்கம் என்று சலித்துக்கொள்ளும் வெளிக்காற்றுகூடக் கண்ணாடிக்குள் அடைபட்ட காற்றைவிட வறண்டதுதான். மங்கிய கண்ணாடியை முகத்திலிருந்து தூக்கிச் சற்று நேரம் காற்றாட வைத்தால் தெளிவது இதனால்தான். மகனிடம் செய்து பார்க்கச் சொல்லுங்கள்.

ஆக, தண்ணீர் உள்ளே படிவதை எந்தக் கண்ணாடியாலும் தடுக்க முடியாது. உலகத்தின் விலை உயர்ந்த கண்ணாடியிலும் அது படியத்தான் செய்யும். அது எந்த வடிவத்தில் படிகிறது என்பதை மட்டும்தான் நாம் மாற்ற முடியும்.

பாத்திரம் கழுவுகிறவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. எண்ணெய்ப் பிசுக்குப் போகாத தட்டில் தண்ணீரை ஊற்றினால் முத்து முத்தாக நிற்கும். பிசுக்குப் போன இடத்தில் ஒரே விரிப்பாகப் படர்ந்து வழியும். கைவிரலால் தடவிப் பார்க்காமலே, தண்ணீர் நிற்கும் விதத்தை வைத்து "இன்னும் போகவில்லை" என்று சொல்லிவிடுவோம். லென்ஸிலும் அதே கதைதான். தண்ணீர் சின்னஞ்சிறு முத்துகளாக நின்றால் ஒவ்வொரு முத்தும் வெளிச்சத்தை ஒவ்வொரு பக்கம் சிதறடிக்கும், அதைத்தான் மங்கல் என்கிறோம். அதே அளவு தண்ணீர் மெல்லிய படலமாகப் பரவி நின்றால் அதன் வழியே நன்றாகப் பார்க்கலாம். தண்ணீர் இருப்பதே தெரியாது.

நீச்சல் கண்ணாடிகள் பெரும்பாலும் பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக்கில் செய்யப்படுகின்றன. அந்தப் பிளாஸ்டிக்குக்குத் தண்ணீர் அவ்வளவாக ஒட்டாது. தாமரை இலை அளவுக்கு இல்லாவிட்டாலும், படரவிடாமல் முத்தாக நிறுத்தும் குணம் அதற்கு உண்டு. ஆகவே உற்பத்தியாளர்கள் உட்பக்கத்தில் தண்ணீரை விரும்பி இழுக்கும் ஒரு மெல்லிய பூச்சைப் பூசி அனுப்புகிறார்கள். பெட்டியில் "ஆன்ட்டி ஃபாக்" என்று போட்டிருப்பது இந்தப் பூச்சைத்தான். அது இருக்கும்வரை கண்ணாடி தெளிவாக இருக்கும். அது மிக மென்மையானது, ஈரமாக இருக்கும்போது இன்னும் மென்மை. துண்டால் தேய்த்தால் உரிந்துவிடும், விரலால் தேய்த்தாலும்தான்.

ஒருமுறை ஒரு பையன் தன் புதுக் கண்ணாடியைக் கொண்டுவந்து, "அங்கிள், இது ரொம்ப மட்டம், ரெண்டே வாரத்துல போயிடுச்சு" என்றான். அவன் கையிலிருந்து வாங்கி உட்பக்கத்தில் வாயால் ஊதி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். லென்ஸின் ஓரம் முழுக்கத் தெளிவாக இருந்தது. நடுவில் மட்டும் ஒரு பெரியவரின் கட்டைவிரல் அகலத்துக்கு, இடமும் வலமுமாகத் தேய்த்த தடம் வெள்ளையாக மங்கி நின்றது. தேய்த்த இடத்தில் மங்கல், தேய்க்காத இடத்தில் தெளிவு. யார் துடைப்பது என்று கேட்டேன். "அம்மா டி-ஷர்ட்டால துடைச்சுக் குடுப்பாங்க" என்றான். உங்கள் வீட்டில் இருக்கும் மூன்று கண்ணாடிகளையும் இப்படி ஊதிப் பாருங்கள். பூச்சு எங்கே மிச்சமிருக்கிறது, எங்கே போயிற்று என்று அதுவே காட்டிக்கொடுக்கும்.

இரண்டாவது எதிரி பிசுக்கு. நம் வெயிலுக்குப் பிள்ளைகளுக்குச் சன்ஸ்கிரீன் பூசாமல் அனுப்ப முடியாது, பூசத்தான் வேண்டும். ஆனால் கண்ணாடி உட்காரும் இடத்தில், அதாவது கண்ணைச் சுற்றி வேண்டாம். வீட்டிலேயே பூசிவிட்டால் குளத்துக்கு வந்து சேர்வதற்குள் தோலில் நன்றாகப் பிடித்திருக்கும். பூசிய கையோடு கண்ணாடியை எடுத்து மாட்டினால் அந்தப் பிசுக்கு அப்படியே லென்ஸின் உள்ளே போய்விடும். அப்புறம் எந்தப் பூச்சு இருந்தும் பயனில்லை.

சரி, வகுப்புக்கு முன்னால் என்ன செய்யலாம்?

பூச்சு நன்றாக இருக்கும் கண்ணாடி என்றால் வேலை மிகக் குறைவு. கண்ணாடியைக் குளத்துத் தண்ணீரில் முக்கி எடுத்து, உதறி, உள்ளே ஈரப் படலம் இருக்கும்போதே போட்டுக்கொள்ள வேண்டும். துடைத்துக் காயவைத்துப் போடக்கூடாது. அதற்கு முன் பையன் தன் முகத்திலும் நான்கைந்து முறை தண்ணீர் அடித்துக்கொள்ளட்டும். பேருந்து நிறுத்தத்திலிருந்து வெயிலில் நடந்து வந்த முகம் அடுப்பு மாதிரி இருக்கும். அந்தச் சூட்டோடு மாட்டினால் முதல் சுற்றிலேயே மங்கும். எனக்குத் தெரிந்து இந்த ஒன்றுக்கே பாதிப் பிள்ளைகளின் புகார் நின்றுபோயிருக்கிறது. செலவில்லாத வேலை.

நீந்தும்போது மங்க ஆரம்பித்தால், சுவரோரம் வந்து கண்ணாடியை லேசாகத் தூக்கி, கொஞ்சம் தண்ணீர் உள்ளே விட்டு, அலசி, கொட்டிவிட்டு மறுபடி போடலாம். பழகியவர்கள் இரண்டு மூன்று துளியை உள்ளேயே விட்டுவைப்பார்கள். தலையைச் சாய்க்கும்போது அந்தத் துளி லென்ஸின் மேல் உருண்டு, நின்ற முத்துகளையெல்லாம் தன்னோடு இழுத்துக்கொண்டு போகும். நீண்ட தூரம் நீந்தும்போது நான் செய்வது இதைத்தான். சிறு பிள்ளைகளுக்குக் கண்ணில் தண்ணீர் படுவது பிடிக்காது, கட்டாயப்படுத்த வேண்டாம்.

பூச்சு போய்விட்ட பழைய கண்ணாடிக்கு பேபி ஷாம்பு போதும். ஒரு லென்ஸுக்கு ஒரு சிறு துளி, அதோடு இரண்டு துளி தண்ணீர். கண்ணாடியைச் சுற்றிச் சாய்த்து எல்லா இடமும் படவிட்டு, ஒரு நிமிடம் வைத்திருங்கள். பிறகு தண்ணீரில் இரண்டு மூன்று முறை முக்கி, நுரை வராத அளவுக்கு அலசி, துடைக்காமல் போடச் சொல்லுங்கள். சோப்பு மூலக்கூறின் ஒரு முனை தண்ணீரோடு ஒட்டும், மறுமுனை பிசுக்கோடும் பிளாஸ்டிக்கோடும் ஒட்டும். நடுவில் நின்று அது இரண்டையும் சேர்த்துவைப்பதால் தண்ணீர் முத்தாக உருளாமல் படர்கிறது. அந்தப் படலம் வகுப்பு முடியும்வரை தாங்கும். அடுத்த வகுப்புக்கு மறுபடி செய்ய வேண்டும். கடையில் விற்கும் ஆன்ட்டி ஃபாக் திரவங்களும் பெரும்பாலும் இதே வேலையைத்தான் கொஞ்சம் நீடித்துச் செய்கின்றன. வாங்கினால் நீச்சல் கண்ணாடிக்கென்றே விற்பதாகப் பார்த்து வாங்குங்கள். மூக்குக் கண்ணாடிக்கான சில திரவங்களில் ஆல்கஹால் இருக்கும், அது பாலிகார்பனேட்டில் மெல்லிய விரிசல் விடச் செய்யலாம்.

அலசுவதை மட்டும் அவசரப்பட்டு விட்டுவிடாதீர்கள். 2001இல் கனடா விண்வெளி வீரர் கிறிஸ் ஹாட்ஃபீல்ட் விண்கலத்துக்கு வெளியே வேலை செய்துகொண்டிருந்தபோது, தலைக்கவசத்தின் உட்பக்கம் மங்காமலிருக்கத் தடவியிருந்த திரவம் கண்ணில் பட்டு எரிய ஆரம்பித்தது. அங்கே எடையின்மை என்பதால் கண்ணீர் வழிந்து இறங்காமல் கண்ணிலேயே திரண்டு, மூக்கைத் தாண்டி மறு கண்ணுக்கும் பரவியது. சிறிது நேரம் அவருக்கு இரண்டு கண்ணும் தெரியவில்லை. நம் பிள்ளைகள் நிற்பது செங்காங் குளத்தில்தான், ஆனாலும் கண் கண்தான். எரிச்சல் என்று சொன்னால் உடனே கழற்றி நல்ல தண்ணீரில் கண்ணைக் கழுவிவிடுங்கள். பாத்திரம் கழுவும் திரவத்தைப் பயன்படுத்தவே வேண்டாம், அது பேபி ஷாம்பு போல மென்மையானதில்லை.

இந்த விண்வெளி விஷயம் பழைய தொல்லைதான். 1966 ஜூனில் ஜெமினி 9ஏ பயணத்தில் யூஜின் செர்னன் விண்ணில் மிதந்து வேலை செய்தபோது கடும் உழைப்பில் மூச்சும் வேர்வையும் சேர்ந்து முகப்புக் கண்ணாடி முழுக்க மங்கி, வேலையைப் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. சூடான முகம், அடைபட்ட ஈரம், குளிர்ந்த கண்ணாடி. உங்கள் மகனுக்கு நடப்பதும் அதே மூன்றால்தான்.

எச்சில் தடவுவது பற்றியும் கேட்பார்கள். எச்சில் என்றதும் நம் வீடுகளில் முகம் சுளிப்போம். ஆனால் முக்குளிப்பவர்கள் காலங்காலமாகச் செய்வது இது, ஓரளவு வேலையும் செய்கிறது. எச்சிலில் இருக்கும் புரதங்கள் சோப்பைப் போலவே தண்ணீரைப் படரவைக்கின்றன. அவரவர் கண்ணாடிக்கு அவரவர் எச்சில், அலசிவிட்டுப் போட வேண்டும், சளியோ கண்வலியோ இருந்தால் கூடாது. பூச்சு நன்றாக இருக்கும் கண்ணாடிக்கு இது தேவையே இல்லை.

பற்பசை கூடவே கூடாது. அந்த யோசனை முக்குளிப்பவர்களின் முகமூடியிலிருந்து வந்தது. அவர்கள் முகமூடியில் இருப்பது உண்மையான கண்ணாடி. புதிதாக வாங்கும்போது அதன்மேல் ஒட்டியிருக்கும் சிலிக்கோன் படலத்தைத் தேய்த்தெடுக்கப் பற்பசையைப் பயன்படுத்துவார்கள். பற்பசையில் தேய்க்கும் துகள்கள் உண்டு. பிளாஸ்டிக் லென்ஸில் அது பூச்சையும் எடுத்து, கீறலும் போட்டுவிடும். கீறல் விழுந்த லென்ஸை அப்புறம் எதுவும் காப்பாற்றாது.

பிள்ளைகளிடம் அவசியம் மாற்ற வேண்டிய பழக்கம் ஒன்று உண்டு. கண்ணாடியைக் கழற்றாமல் நெற்றியில் ஏற்றிவைப்பது. இடி மின்னல் எச்சரிக்கை ஒலித்து எல்லோரையும் கரையேற்றும்போது பாருங்கள், வரிசையாக உட்கார்ந்திருக்கும் அத்தனை பேர் நெற்றியிலும் கண்ணாடி இருக்கும். நெற்றியின் சூடு, வேர்வை, சன்ஸ்கிரீன் மூன்றும் சேர்ந்து லென்ஸின் உள்ளே ஏறும். மழை விட்டு மறுபடி இறங்கும்போது தண்ணீர் முன்பைவிடக் குளிர்ந்திருக்கும், மங்கல் இன்னும் மோசமாகும். கரையேறினால் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளட்டும், இறங்குமுன் ஒரு முக்கு முக்கட்டும்.

வகுப்பு முடிந்ததும் குழாய்த் தண்ணீரில் அலசி, உதறி, நிழலில் காயவிடுங்கள். ஈரத் துண்டோடு பைக்குள் திணித்து மறுநாள்வரை விட்டால் பூஞ்சை பிடிக்கும். ஜன்னலுக்கு வெளியே நீட்டும் துணிக் கம்பில் மாட்டிவைப்பதும் வேண்டாம். வெயில் பூச்சையும் கெடுக்கும், ரப்பரையும் இறுக்கிவிடும். காய்ந்தபின் பெட்டியிலோ துணிப் பையிலோ தனியாக வைத்தால் போதும், சாவியும் சீப்பும் உரசாமல் இருக்கும்.

இதையெல்லாம் இவ்வளவு வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நீந்தக் கற்கும் பிள்ளைக்கு அடியில் உள்ள கறுப்புக் கோடு தெரிய வேண்டும். அந்தக் கோடு சுவருக்கு 2 மீட்டர் முன்னால் குறுக்குக் கோட்டோடு முடியும். அது தெரியாத பிள்ளை சுவரில் கை, தலை இடித்துக்கொள்ளும் பயத்தில் தலையைத் தூக்கித் தூக்கிப் பார்க்கும். தலை மேலே வந்தால் இடுப்பு கீழே இறங்கும், மூச்சு வாங்கும், "எனக்கு வரல" என்று முடிவு கட்டிவிடும். பிள்ளைக்கு நீச்சல் வரவில்லை என்று பெற்றோர் கவலைப்பட்ட இரண்டு மூன்று இடங்களில் கண்ணாடியைச் சரிசெய்ததுமே நீச்சலும் சரியானதைப் பார்த்திருக்கிறேன். கண்ணாடி கைவிட்டாலும் பயப்படாமலிருக்கக் கை வீச்சை எண்ணப் பழக்குங்கள். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்ஸில் 200 மீட்டர் பட்டாம்பூச்சி நீச்சலில் மைக்கேல் ஃபெல்ப்ஸின் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்து, கடைசிச் சுற்றுகளில் அவருக்குச் சுவரே தெரியவில்லை. வீச்சை எண்ணி எண்ணித்தான் முடித்தார். 1 நிமிடம் 52.03 விநாடி, உலகச் சாதனை. இந்தக் கதையைச் சொன்னால் எட்டு வயதுப் பையன் மறுநாளே எண்ண ஆரம்பித்துவிடுவான்.

இப்போது அந்த அறுபது வெள்ளி. வாங்க வேண்டாம். விலை கூடினால் பார்வைக் கோணமும் வேகமும் கொஞ்சம் கூடலாம், சிலவற்றில் பூச்சு சற்று அதிக நாள் நிற்கும், ஆனால் துண்டு பட்டால் அதுவும் போய்விடும். இருபது வெள்ளியை ஒட்டிய கண்ணாடி போதும். வாங்கும்போது வாரை மாட்டாமல், கண்ணில் வைத்து லேசாக அழுத்திவிட்டுக் கையை எடுக்கச் சொல்லுங்கள். இரண்டு விநாடி தானாக ஒட்டி நின்றால் அவன் முகத்துக்குப் பொருந்துகிறது என்று அர்த்தம். நிற்காததை வார் இறுக்கிச் சரிசெய்ய முடியாது, கண்ணைச் சுற்றித் தடம் விழுவதோடு சரி. பவர் வைத்த கண்ணாடி வேண்டியிருந்தாலும் இதே முறைதான்.

அதுவும்கூட இந்த வாரமே வேண்டாம். வீட்டில் இருக்கும் மூன்றில் கீறல் குறைந்ததாக ஒன்றை எடுங்கள். இளஞ்சூடான தண்ணீரில் ஒரு துளி பேபி ஷாம்பு விட்டு, தேய்க்காமல் ஊறவைத்துப் பிசுக்கை எடுங்கள். சனிக்கிழமை வகுப்புக்கு முன் மேலே சொன்னபடி ஷாம்பு தடவி, அலசி, முகத்தைக் குளிரவைத்துப் போடச் சொல்லுங்கள். நான்கு சுற்று தாங்கினால் புதுசு வாங்கும் காசு மிச்சம். தாங்காவிட்டால் அது கீறிய லென்ஸ், அப்போது புதுசு வாங்கிக்கொள்ளலாம், அப்பாவிடம் மட்டும் கொடுக்காமல்.